சிவப்பு கிரானைட் மேடை டிக் டிக் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில் பிடிஓ வீட்டுக்கு (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) சாவி வாங்கிவிட்டோம். சமையல் மேடைக்கு இந்தியாவிலிருந்து வந்த சிவப்பு கிரானைட்டைப் பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. இப்போது அண்ணன் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பியிருக்கிறார். கல் மேல் கருவியை வைத்ததும் டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது. "கதிரியக்கம், பேசாமல் குவார்ட்ஸ் போடு" என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு. என்ன செய்யட்டும்? – தெங்கா வாசகி

பதில்: முன்பணத்தை விட்டுவிடாதீர்கள் அம்மா, சிவப்புக் கல்லையே போடுங்கள். அண்ணனிடம் சண்டையும் வேண்டாம். கருவி நிஜமாகவே அப்படித்தான் சத்தம் போடும்.

பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதுதான் கிரானைட். யுரேனியமும் தோரியமும் மற்ற தாதுக்களில் எளிதில் இடம் கிடைக்காமல் கடைசிவரை குழம்பிலேயே தங்கி, கடைசியில் இறுகும் கல்லில் வந்து சேரும். சிவப்புக் கற்களில் பொட்டாசியமும் நிறைய இருக்கும். அதில் ஒரு சிறு பங்கு கதிர் வீசும். (கடையில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை, டாலரைட், காப்ரோ போன்ற வேறு பாறைகள். அவற்றில் இந்தச் சமாசாரம் குறைவு.)

என் வீட்டிலும் ஒரு கைகர் கருவி, அதாவது கதிர் பட்டால் டிக் டிக் என்று அடிக்கும் கருவி, இருக்கிறது. மேடையோடு ஒட்டி வைத்தால் டிக் டிக் கொஞ்சம் வேகமெடுக்கும். முகம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கினால் கூடத்தில் கேட்கும் அதே தாளத்துக்குத் திரும்பிவிடும். ஒட்டி வைக்கும்போது அது பிடிப்பதில் பெரும்பகுதி பீட்டா கதிர். தோலுக்குள் சில மில்லிமீட்டரில் அது நின்றுவிடும். எத்தனை டிக் என்பதை வைத்து உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று சொல்ல முடியாது. வீடியோ எடுத்தவர் அந்த இடத்தில்தான் சறுக்கிவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று மீட்டர் நீளம், 60 செண்டிமீட்டர் அகலம், 2 செண்டிமீட்டர் கனம் என்றால் உங்கள் மேடை சுமார் 100 கிலோ. சுவர், தரை, கூரை என்று உங்களைச் சுற்றி நிற்கும் கான்கிரீட்டோ டன் கணக்கில். அதில் கலந்திருக்கும் ஜல்லியும் கருங்கல்தான்! மேடையைப் பார்த்துப் பயப்படுகிறவர் முதலில் சுவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் வகுத்த வழிகாட்டியிலும், வீட்டையே கட்டும் பொருளுக்குக் கதிரியக்கக் குறியீட்டெண்ணின் வரம்பு 1 என்றால், மேல்பூச்சாக ஒட்டும் மெல்லிய கல்லுக்கு 6 வரை போகலாம்.

இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு) சேர்கிறது. மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் கடற்கரையிலும் தோரிய மணல் இருப்பதால் அங்கே இன்னும் பல மடங்கு. கொல்லத்தை அடுத்த கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில்கூட, அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

யுரேனியத்திலிருந்து உண்டாகும் கதிரியக்க வாயுவான ரேடான் பற்றியும் அண்ணன் சொல்லக்கூடும். நுரையீரலுக்கு அது ஆகாது, உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக் காற்றுக்குப் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). ஆனால் ரேடான் பெரும்பாலும் மண்ணிலிருந்து மேலே வருவது. குளிர்நாடுகளில் நிலவறை வைத்து, சன்னலை அடைத்துக்கொண்டு வாழ்பவர்கள் அதற்குக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. நீங்கள் மண்ணைத் தொடாத அடுக்குமாடியில் இருக்கிறீர்கள். தாளிக்கும்போது சன்னலைத் திறக்காமல் யாரால் நிற்க முடியும்? மனம் ஆறவில்லை என்றால் கைகர் கருவியை வாங்காதீர்கள். ரேடானை அளக்கவே தனிக் கருவி உண்டு, அதைக் கூடத்தில் சில மாதங்கள் வைத்துப் பாருங்கள்.

எனக்கு இருப்பது வேறு கவலை. அண்ணன் சொல்லும் குவார்ட்ஸ், கல்தூளைப் பிசினில் குழைத்துச் செய்வது. பலவற்றில் 90 விழுக்காடும் அதற்கு மேலும் படிகச் சிலிக்கா என்ற கனிமம். கிரானைட்டில் அது பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான். பொருத்திய பிறகு இரண்டுமே சும்மா கிடக்கும். உலர்ந்த கல்லை வெட்டும்போது பறக்கும் தூசுதான் ஆளைத் தின்னும். புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் கல் உடைத்தவர்களைப் பிடித்த சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் அந்தத் தூசால் வந்ததுதான். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் போன்ற இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது, வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரலுக்காக.

அதனால் கன்ட்ராக்டரிடம் கதிரியக்கச் சான்றிதழ் கேட்டு நிற்பதைவிட, எங்கே வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். பட்டறையில் தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். சிங்க், அடுப்பு இரண்டையும் இப்போதே வாங்கி அளவைக் கொடுத்துவிட்டால், கல் வரும் நாளில் உங்கள் வாசலில் உட்கார்ந்து ஓட்டை போடும் நிலை ஓர் ஊழியருக்கு வராது. கடைசி நேரத்தில் ஓரம் தேய்த்தே ஆக வேண்டும் என்றால், அவருக்கு நல்ல முகக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையை மறுநாள் கூட்டிப் போய்க் காட்டலாம்.