போர் தண்ணீர்க் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். வாஷ்பேசினில் குழாய்க்கு நேர் கீழே பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆசிட் ஊற்றிவிடலாமா?

பதில்: கடையில் விற்கும் கடுமையான ஆசிட் வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். டீக்கறை, பாசி என்றால் பிளீச் கேட்கும். உங்கள் பேசினில் இருப்பது சுண்ணாம்பு உப்பும் அதில் சிக்கிய இரும்புத் துருவும். துருவை பிளீச் கரைக்காது. தண்ணீரில் கரைந்து வருகிற இரும்பையும் துருவாக்கிப் படியவைத்துவிடும்.

இதற்கு மென்மையான அமிலமே போதும்: மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். பழைய பிளீச் துளியும் இல்லாமல் பேசினை முதலில் நன்றாகக் கழுவுங்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துவிடும். அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். பேசின் சரிவாக இருப்பதால் சும்மா ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டிவிடுங்கள். காயக் காய நனைத்து, 1 மணி நேரம் விடுங்கள். பேப்பரை எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் கறை மாவு போல இளகி வரும். பல வருடக் கறை ஒரே தடவையில் போகாது, 2, 3 முறை செய்ய வேண்டியிருக்கும். பேசின் பளிங்கு மேடையில் இருந்தால் மேடையில் சொட்டு விழக்கூடாது, பளிங்கு அரித்துப்போகும்.

கடை ஆசிட் கறையைச் சீக்கிரம் எடுக்கும்தான். ஆனால் ஓரத்து சிமென்ட் பூச்சையும் குழாயின் பளபளப்பையும் சேர்த்தே தின்றுவிடும். கம்பி நார் அதைவிட மோசம். பீங்கானின் மெருகில் கீறல் விழுந்துவிட்டால் அழுக்கு அங்கேயே குடியேறும், பழைய வெண்மை திரும்பாது. பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் தெரிபவை பெரும்பாலும் கீறல் அல்ல, எவர்சில்வர் பாத்திரம் உரசிய உலோகத் தடம்.

குழாய்க்கு நேர் கீழேதான் கோடு என்கிறீர்கள். இரவில் ஒரு டம்ளரை அடியில் வைத்துப் பாருங்கள். காலையில் அதில் தண்ணீர் இருந்தால் குழாய் சொட்டுகிறது. வாஷரை மாற்றாமல் எத்தனை முறை கழுவினாலும் கோடு திரும்ப வரும்.