சைபர்பங்க் 2077: இப்போது தொடங்கலாமா? நிறை குறைகள் என்னென்ன?

சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேமை இப்போது வாங்கி விளையாடலாமா, அதில் எது சிறப்பு, எது ஏமாற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதை இரண்டு முறை முடித்திருக்கிறேன். முதலில் 2022இல், பிறகு 2.0 அப்டேட் வந்தபின். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் நகரத்தை நம்பித் தொடங்காதீர்கள், அதில் வாழும் மனிதர்களை நம்பித் தொடங்குங்கள்.

ஒரு சிறிய மிஷனை, அதாவது விளையாட்டுக்குள் வரும் ஒரு பணியைச் சொல்கிறேன். உங்கள் பாத்திரமான வி குடியிருக்கும் அதே அடுக்குமாடியில் பேரி என்றொரு காவலர் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே சக காவலர்கள் இருவர் கவலையோடு நிற்பார்கள். நீங்கள் பிறகு வந்து தட்டினால் பேரி கதவைத் திறந்து, ஆண்ட்ரூ என்ற நண்பரை இழந்ததைப் பற்றிப் பேசுவார். கேட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடலாம். அல்லது ஆண்ட்ரூவின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குப் போய், அந்த ஆண்ட்ரூ யார் என்று பார்த்துவிட்டு வந்து காவலர்களிடம் பேசலாம். கட்டாயமில்லை. முதல் முறை நான் போகவில்லை. திரும்பி வந்தபோது பேரி உயிரோடு இல்லை. சண்டையே இல்லாத அந்த மிஷனை நினைத்து அன்று இரவு வெகுநேரம் வருந்தினேன். இரண்டாவது முறை ஆட்டத்தைத் தொடங்கியதும் என் மனதில் இருந்த முதல் வேலை பேரியின் கதவைத் தட்டுவதுதான்.

இந்த விளையாட்டின் பெரிய பலம் இதுதான். எல்லாவற்றையும் வியின் கண்கள் வழியாகவே பார்க்கிறோம். ஒருவர் பேசும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார், பார்வையைத் தாழ்த்துகிறார், எழுந்து ஜன்னலருகே போகிறார். நாமும் தலையைத் திருப்பி அவரைத் தொடர்கிறோம். சில இடங்களில் பதில் சொல்லாமல் இருப்பதே பதிலாகிவிடுகிறது. ஜூடி என்ற பெண் தன் பால்யத்தைக் கழித்த ஊர் அணைநீரில் மூழ்கிக் கிடக்கிறது. அவளோடு நீருக்கடியில் நீந்திப்போய் அந்தத் தெருக்களைப் பார்க்கும் பகுதியில் நாம் செய்ய வேண்டியது பெரும்பாலும் கேட்பது மட்டுமே. இத்தனை நெருக்கத்தை நான் விளையாடிய வேறு எந்தத் திறந்த உலக விளையாட்டிலும், அதாவது விருப்பப்படி சுற்றித்திரியக்கூடிய விளையாட்டிலும், உணர்ந்ததில்லை.

அதற்கு ஒரு விலையும் உண்டு. தொடக்கத்தில் முகத்தையும் தலைமுடியையும் பார்த்துப் பார்த்து அமைக்கிறோம். பிறகு அந்த முகத்தைக் காண கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது.

கதை நடக்கும் நகரமான நைட் சிட்டி, விளையாட்டு வடிவமைப்பாளர் மைக் பாண்ட்ஸ்மித்தின் கற்பனை. அவருடைய சைபர்பங்க் மேசை விளையாட்டு 1988இல் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகள் ஊறிய உலகம் என்பது விளம்பரப் பலகைகளிலும் கும்பல்களின் உடையிலும் தெரிகிறது. மேம்பாலத்தின் அடியில் சந்தை, சந்தைக்கு மேலே நடைபாதை, அதற்கும் மேலே ரயில் பாதை என்று ஊர் அடுக்கடுக்காக எழுகிறது. வரைபடத்தைப் பார்க்காமல் நடந்தே சுற்றுங்கள்.

ஆனால் அந்த நகரத்திடம் எதையாவது கேட்டால் பதில் வராது. பெரும்பாலான கதவுகள் திறக்கமாட்டா. தெருவில் போகிறவர்களுக்கு வீடோ வேலையோ இருப்பதாகத் தோன்றவில்லை; ஒருவரைப் பின்தொடர்ந்து நடந்தால் அவர் எங்கும் போய்ச் சேர்வதில்லை. நாடோடி, தெருப்பிள்ளை, கார்ப்பரேட் ஊழியர் என்று மூன்று பின்னணிகள் தருகிறார்கள். சிறிது நேரத்தில் மூன்றும் ஒரே பாதையில் சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் எஞ்சுவது சில உரையாடல் வரிகளும், பின்னணிக்கு ஒன்றாக ஒரு சிறு மிஷனும்தான். பாத்திரமேற்பு விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றுக்கு இது பெரிய குறை என்றே கருதுகிறேன். கார்ப்பரேட் ஊழியராகத் தொடங்கிய என் வி, பாதி ஆட்டத்துக்குப் பிறகு தெருப்பிள்ளையாக வளர்ந்த வியைப் போலத்தான் வாழ்ந்தாள்.

இன்னொன்று, கதையின் அவசரம். தலைக்குள் இருக்கும் சில்லு உங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது, சில வாரங்களே மிச்சம் என்கிறார் மருத்துவர். அதே சமயம் வரைபடம் முழுக்க வேலைகள் குவிகின்றன. சாகப்போகிறவளுக்குக் குத்துச்சண்டைப் போட்டி எதற்கு என்ற கேள்வி எனக்கு எழுந்துகொண்டே இருந்தது.

தொழில்நுட்பக் கோளாறுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பர் 10இல் வெளியானபோது பழைய கன்சோல்களில் (பிளேஸ்டேஷன் 4 போன்ற விளையாட்டுக் கருவிகளில்) அதன் நிலை மிக மோசமாக இருந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பியது. அந்தக் கதை இன்று பழையது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன் அமைப்பை முழுக்க மாற்றி எழுதியது. கவசம் உடையிலிருந்து உடலில் பொருத்தும் கருவிகளுக்கு மாறியதால் அழகாக உடுத்தவும் முடிகிறது. முன்பு முதுகுக்குப் பின்னால் திடீரென முளைத்த காவலர்கள் இப்போது வண்டியில் துரத்துகிறார்கள். அடுத்த அப்டேட்டில் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாமல் அதில் ஏறி உட்கார்வது எனக்கு மிகவும் பிடிக்கும்.

2.0 வந்த அதே மாதம் வெளிவந்த ஃபேன்டம் லிபர்ட்டி விரிவாக்கத்தை, அதாவது கூடுதல் கதைப் பகுதியை, தவறவிடாதீர்கள். டாக்டவுன் என்ற மதில் சூழ்ந்த சிறிய பகுதிக்குள் கதை நடக்கிறது. இடம் சுருங்கியதால் கதையின் பதற்றமும் நாம் சுற்றும் தெருக்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நாம் எடுக்கும் ஒரு முடிவு கடைசிப் பகுதியையே இரண்டு வேறு பாதைகளாகப் பிரிக்கிறது. முதன்மை விளையாட்டில் நான் ஏங்கியது இதற்குத்தான்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2.0 அப்டேட்டும் இந்த விரிவாக்கமும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வரவில்லை. உங்களிடம் அவை மட்டுமே இருந்தால் புதிய கருவி வாங்கும்வரை காத்திருங்கள். கணினியோ புதிய கன்சோலோ இருந்தால் முதன்மைக் கதையில் பசிஃபிகா பகுதியின் மிஷன்களை முடிக்கும்வரை போங்கள், டாக்டவுனுக்கான அழைப்பு தானாக வரும். அதற்கு முன்பே பேரியைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.