மிசௌரியில் கேட்கப்படாத கேள்வி

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து பாப்டிஸ்ட் சங்கம் 2007-ல் ‘ஆக்ட்ஸ் 29’ என்ற, சபை நாட்டும் (புதிய சபைகளைத் தொடங்கும்) அமைப்போடு உறவை முறித்தது அவசர முடிவு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பீர் ஆலையின் உணவகத்தில் உட்கார்ந்து இறையியல் பேசுகிற சபைக்கு, வாழ்நாளில் மதுவைத் தொடாத ஒரு விதவையின் காணிக்கை ஏன் போக வேண்டும்? கொடுத்தவர்களுக்கு நிறுத்தவும் உரிமை உண்டு. ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது என்பதுதானே பாப்டிஸ்ட் கொள்கை?

இன்னொன்று. எங்கள் சிறிய சபையையும் ஒரு வெளிநாட்டு அமைப்பு தன்னோடு இணையச் சொல்கிறது. கிராமங்களில் சபை நாட்டப் பணம் தருவார்களாம். என்ன செய்யலாம்?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

விதவையின் காணிக்கை பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். சென்ற கட்டுரையில் அதற்கு நான் போதிய இடம் தரவில்லை. மிசௌரி சங்கம் சேர்ந்திருக்கும் அமெரிக்க ஐக்கியமான தென் பாப்டிஸ்ட் சபைகள் 1925 முதல் ‘கூட்டுறவுத் திட்டம்’ என்ற ஏற்பாட்டில் இயங்குகின்றன. ஒவ்வொரு சபையும் தன் காணிக்கையில் ஒரு பங்கை மாநிலச் சங்கத்துக்கு அனுப்பும். அது ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியைத் தேசிய அமைப்புக்கு அனுப்பும். (நம்மூரில் கன்வென்ஷன் என்றால் பந்தல் போட்டு நடக்கும் கூட்டம். அங்கே அந்தச் சொல் இந்தச் சங்கத்தைக் குறிக்கும்.) நீங்கள் சொல்லும் பீர் ஆலைச் சபை, ஆக்ட்ஸ் 29-ஐச் சேர்ந்த ‘தி ஜர்னி’. ஆகவே செயின்ட் லூயிஸ் நகரத்தின் அந்தச் சபைக்கு மிசௌரி சங்கம் 2 லட்சம் டாலர் கடன் கொடுத்தபோது, அதில் கிராமத்துச் சபைகளின் பணமும் இருந்தது. 2006-ல்தான் தென் பாப்டிஸ்டுகள் கிரீன்ஸ்பரோ கூட்டத்தில் மது தயாரிப்பதையும் விற்பதையும் குடிப்பதையும் முற்றாக எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் பீர் ஆலைச் செய்தி பத்திரிகையில் வந்தால் கிராமத்து விசுவாசிக்கு மனம் நோகாதா? நோகும். அதைப் பழமைவாதம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஆனால் 2007 டிசம்பரில் மிசௌரி சங்கத்தின் நிர்வாகக் குழு 28-க்கு 10 என்ற வாக்கில் முடிவு செய்தது வேறு விஷயம். குறிப்பிட்ட ஒரு சபையை அவர்கள் விசாரிக்கவில்லை. ஆக்ட்ஸ் 29-உடன் தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கதவை மூடினார்கள். அந்தச் சபைகளில் சில மிசௌரி சங்கத்தின் சொந்த உறுப்பினர்கள். சபை சுயாதீனமானது என்றால், யாரோடு கூட்டுச் சேருவது என்று முடிவெடுக்கும் உரிமையும் அதற்கு உண்டு அல்லவா? நீங்கள் எடுத்துக்காட்டும் கொள்கை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தென் பாப்டிஸ்டுகளின் விசுவாச அறிக்கையே, நோக்கம் நியாயமானதாக இருந்து மனசாட்சிக்கும் வேதத்துக்கும் விரோதமில்லாவிட்டால் மற்ற சபைப் பிரிவுகளோடு ஒத்துழைப்பது நல்லது என்கிறது.

இது புதுச் சண்டையும் அல்ல. 1832-ல் மேரிலாந்தின் பிளாக் ராக்கில் கூடிய பாப்டிஸ்டுகள், மிஷன் சங்கங்களுக்கும் ஞாயிறு பள்ளிகளுக்கும் வேதத்தில் ஆதாரம் இல்லை என்று அறிவித்தார்கள். 1851-ல் டென்னஸியின் காட்டன் குரோவில், பாப்டிஸ்ட் அல்லாத போதகரைப் பிரசங்க மேடையில் ஏற்றலாமா என்று பாப்டிஸ்ட் தலைவர் ஜே.ஆர். கிரேவ்ஸ் கேள்வி எழுப்பினார். சபைக்கு வெளியே இருப்பவரோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் அவர்கள் ஒருபோதும் ஒருமனப்பட்டதில்லை.

சரி, நான் அவசரம் என்று எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். வேதாகமத்தின் அப்போஸ்தலருடைய நடபடிகளில் (ஆங்கிலத்தில் ‘ஆக்ட்ஸ்’) 28 அதிகாரங்கள். 29-ஆம் அதிகாரத்தை இன்றைய சபைகள் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பது அந்தப் பெயரின் பொருள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் டிரிஸ்கால், அப்போது சியாட்டிலில் மார்ஸ் ஹில் சபையின் போதகர். மிசௌரி வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அதே 2007-ல், மார்ஸ் ஹில் தன் சட்டதிட்டங்களைத் திருத்தி அதிகாரத்தைச் சில மூப்பர்களின் கையில் குவித்தது. கேள்வி கேட்ட இரண்டு மூப்பர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. சபை மக்கள் கூடி முடிவெடுப்பதுதான் பாப்டிஸ்ட் மரபின் உயிர்நாடி. அந்த உயிர்நாடியே நெரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மிசௌரியில் மதுவும், இரட்சிக்கப்படுவோரைக் கடவுளே முன்குறித்துத் தெரிந்தெடுக்கிறார் என்ற கால்வினியப் போதனையும்தான் பெரிய பேச்சாக இருந்தன. ஒரு பாப்டிஸ்ட் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி: ‘உங்கள் அமைப்பின் தலைவரை யாரால் தட்டிக் கேட்க முடியும்?’ அதைக் கேட்டு உறவை முறித்திருந்தால் நானும் 28 பேரோடு கை தூக்கியிருப்பேன்.

2014 ஆகஸ்டில் ஆக்ட்ஸ் 29 அமைப்பே டிரிஸ்காலையும் மார்ஸ் ஹில்லையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. அக்டோபரில் அவர் பதவி விலகினார். 2015 பிறந்தபோது மார்ஸ் ஹில் என்ற சபை இல்லை. கிளைகளில் சில தனித்தனிச் சபைகளாயின, மற்றவை மூடப்பட்டன. அந்த நெருக்கடியில் அமைப்பை நடத்தியவர் மேட் சாண்ட்லர். 2012-ல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், டெக்ஸாஸில் ஒரு தென் பாப்டிஸ்ட் சபையின் போதகர்! மிசௌரியில் கதவு மூடப்பட்ட அமைப்பை, அதே ஐக்கியத்துப் போதகர்தான் திருத்த முயன்றார். கூட்டுறவில் நன்மையும் உண்டு என்று நான் விடாமல் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் உங்கள் சபை. பணத்தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய சட்டதிட்டங்களை எழுத்தில் கேளுங்கள். போதகரை யார் நீக்கலாம், சபை மக்களுக்கு வாக்கு உண்டா, நாட்டப்படும் சபையின் நிலமும் கட்டிடமும் யார் பெயரில் இருக்கும், நீங்கள் விலகினால் கடன் என்ன ஆகும் என்று பாருங்கள். ஞானஸ்நானத்தில் அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கிடைத்ததைத் தமிழில் சுருக்கி, ஆராதனை முடிந்ததும் எல்லோரும் இருக்கும்போது வாசியுங்கள். போதகரும் இரண்டு மூப்பர்களும் மட்டும் ஒரு அறையில் கையெழுத்துப் போட வேண்டாம். காகிதம் தரத் தயங்கினார்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்