படமும் வேதமும்: இரண்டுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் (11, 8, 5 வயது) வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம். அதற்காக நான் வேலையை விட்டேன். இப்போது கணவரின் சம்பளம் மட்டும்தான். ஆன்லைன் ஓவிய வகுப்புக்கு மாதச் சந்தா, வேதபாடப் (பைபிள் பாட) பயிற்சிப் புத்தகத்துக்கு வருடா வருடம் பிள்ளைக்கு ஒன்று என்று செலவு போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 36 வாரப் பாடமாகத் தரும் ஒரு பேக்கேஜைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு உரிமம் வாங்க வேண்டும். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. அவசரகாலச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா, கிரெடிட் கார்டில் தவணை போடலாமா? ஓவியமே ஆடம்பரம், நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டுமே வேண்டாம். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் அவசரகாலச் சேமிப்பு குறைந்தது ஆறு மாதச் செலவுக்காவது இருக்க வேண்டும். அது வேலை போனால், உடம்புக்கு வந்தால் எடுக்கிற பணம். பாடப்புத்தகம் வருடா வருடம் வரும் என்று நமக்கு முன்னாலேயே தெரியும்; தெரிந்த செலவுக்கு மாதாமாதம் தனியாக எடுத்து வைப்பதுதான் வழி. தவணை வட்டியில்லாதது என்றாலும் ஒரு மாதம் தவறினால் வட்டியும் அபராதமும் சேர்ந்துகொள்ளும். தள்ளுபடியில் மிச்சமானது அதிலேயே கரைந்துவிடும்.

இனி பேக்கேஜின் கணக்கு. விலையை 36-ஆல் வகுத்துப் பார்த்து மலிவு என்று நினைத்திருப்பீர்கள். நடத்தி முடிக்கப்போகும் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். காய்ச்சல், பயணம், விருந்தாளிகள் என்று போய் 12 பாடம்தான் நடந்தது என்றால், ஒரு பாடத்துக்கு நீங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு கொடுத்திருப்பீர்கள். போன வருடப் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டுங்கள். எத்தனை பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதே உங்கள் வீட்டின் உண்மையான எண். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முழு உரிமம் என்பது எனக்கு உடன்பாடே இல்லை. இன்னும் சரளமாக எழுத வராத வயதில் எழுத்துப் பயிற்சிக்கு எதற்குப் பணம்?

படத்தையும் வேதத்தையும் இணைப்பதற்கு எதையும் வாங்கத் தேவையில்லை, நடத்தும் முறையை மாற்றினால் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். மூவரும் அவரவர் அளவுக்கு வரையட்டும். பிறகு படத்தைக் காட்டிக் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். நோவாவின் பேழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 6-இல் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று அளவே இருக்கிறது. பெரிய பிள்ளை 10 முழத்துக்கு 1 செ.மீ. என்று வைத்தால் நீளம் 30 செ.மீ. வரும், ஏ4 தாளின் நீளமோ 29.7 செ.மீ. தான். தாள் போதாது என்று தானே கண்டுபிடித்து, 20 முழத்துக்கு 1 செ.மீ. என்று மாற்றி 15, 2.5, 1.5 என வரைந்துவிட்டால் அன்றைக்குக் கணக்குப் பாடமும் முடிந்தது. எட்டு வயதுப் பிள்ளை அதே கதையை நான்கு கட்டங்களாகப் பிரித்து வரையலாம். யாத்திராகமம் 25 முதல் 27 வரை ஆசரிப்புக் கூடாரத்துக்கும் (இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரம்) உடன்படிக்கைப் பெட்டிக்கும் அளவுகள் வரிசையாக வருகின்றன. பல வாரங்களுக்குப் பாடம் இருக்கிறது.

கணவரிடம் யாத்திராகமம் 31-ஐ வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கூடார வேலையைச் செய்த கைவினைஞர் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பியது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்காகத்தான் என்று அங்கே எழுதியிருக்கிறது. இதைப் படித்த பிறகு ஓவியத்தை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர் பயப்படுவது செலவைப் பார்த்து. அந்தப் பயம் நியாயமானதே.

பணம் போக வேண்டிய இடம் தாள். பென்சிலுக்கும் கலர் பென்சிலுக்கும் சாதாரண நகல் தாளை (70–80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) விடச் சற்றுத் தடிமனான வரைநோட்டு நல்லது. வாட்டர் கலர் என்றால் 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும், மெல்லிய தாள் சுருண்டு பிள்ளைகளுக்கு வெறுத்துப்போகும். ஹெச்பி, 2பி, 4பி என்று (இந்த வரிசையில் மென்மையும் கருமையும் கூடும்) மூன்று பென்சில் போதும். ஓரத்தில் படம் வரையும் விசேஷ வேதாகமம் வேண்டாம். அந்த மெல்லிய தாளில் மார்க்கர் மை மறுபக்கம் ஊறிவிடும். பார்த்து வரைய டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இருக்கிறார். 1669-இல் மறைந்தவர், அவர் வரைந்த வேதாகமக் காட்சிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. கலரில் அச்சடிக்காமல் திரையிலேயே காட்டுங்கள், பிரிண்டர் மைதான் சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேதக்கதைக்கு வண்ணம் தீட்டுவது வேறு, வரையக் கற்பது வேறு. பெரிய பிள்ளைக்குக் கையில் உண்மையான ஆர்வம் தெரிந்தால், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஓவிய வகுப்பை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரின் சந்தாவை இந்த மாதமே நிறுத்துங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வேதபாடத்துக்குப் பெற்றோர் கையேடு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கி, பதில்களை நோட்டில் எழுத வையுங்கள். அடுத்த பிள்ளைக்கும் அதுவே உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வேலையை விட்ட நாளோடு உங்கள் பெயரில் போய்க்கொண்டிருந்த ஓய்வுக்காலச் சேமிப்பும் நின்றிருக்கும். சந்தாவில் மிச்சமாகும் தொகையைக் குடும்பச் செலவில் கலக்க விடாதீர்கள். அவசரகாலச் சேமிப்பு ஆறு மாதத்தை எட்டவில்லை என்றால் முதலில் அங்கே போகட்டும்; எட்டியதும், சிறிய தொகையானாலும், மாதம் பிறந்தவுடன் உங்கள் பெயரில் உள்ள ஓய்வுக்காலக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.