முதலில் வெள்ளைத் தாளைத் தேடுங்கள்

காட்பாடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "மகள் வரைந்து தந்த அரூப நீர்வண்ண ஓவியத்தில் நீலம், மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. உருவமே இல்லை. இதில் எதைப் பார்ப்பது? எங்கே மாட்டுவது?"

உருவம் இருக்கட்டும். வண்ணம் படாத வெள்ளைத் தாள் எங்கே எட்டிப்பார்க்கிறது என்று தேடுங்கள். ஓவியத்தின் வெளிச்சமெல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் வருகிறது. வேலமரப் பிசினில் நிறமிகளைக் குழைத்த வண்ணம் இது. மெல்லிய பூச்சுக்குள் நுழையும் ஒளி தாளில் பட்டு, அதே பூச்சின் வழியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

அடுத்து, விளிம்புகள். குடியாத்தம் கட்டம் போட்ட லுங்கி வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். சிவப்புப் பாவும் நீல ஊடையும் குறுக்கிடும் கட்டம் தள்ளி நின்றால் ஊதா. கண்ணருகே கொண்டுவந்தால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். நீர்வண்ணம் அப்படிப் பிரியாது. ஆனால் மஞ்சளைத் தாண்டியும் நீலம் நீண்டு, இரண்டும் சேரும் இடம் மட்டும் பச்சையாக இருக்கிறதா? அந்தப் பச்சையை உங்கள் மகள் தட்டில் குழைக்கவில்லை. மஞ்சள் முற்றும் காயும்வரை காத்திருந்து, மேலே நீலத்தை இழுத்திருக்கிறாள். ஈரத்தில் பூசியிருந்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை அடுக்கு, எத்தனை முறை காத்திருந்தாள் என்று எண்ணுங்கள். நான் எந்த நீர்வண்ண ஓவியத்தின் முன் நின்றாலும் ஆசையாகச் செய்வது இதைத்தான். நம் வேலூர்ச் சித்திரை வெயிலில் பூச்சு சட்டென்று காய்ந்து விளிம்பு கத்திபோல் விழும். ஐப்பசி மழையில் காத்திருப்பு நீளும்.

வயலின் வாசிக்கத் தெரிந்த ஓவியர் பால் கிளே, 1921 வாக்கில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே இப்படி வரைந்தார்: ஒரே வடிவம், அடுக்கடுக்காக, வெளிறிய நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. ஒரு சுரத்தைப் பிடித்து மெல்ல மேலேறுவதுபோல் இருக்கும். மகளின் கட்டங்களிலும் அந்த ஏற்றம் இருக்கிறதா பாருங்கள்.

நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். மெல்லிய பூச்சுகள்தான் முதலில் வெளுக்கும். மழையில் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையில், சன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது. பிசின் வண்ணம் காய்ந்து பல ஆண்டுகள் ஆனாலும் ஈரம் பட்டால் இளகிவிடும்.