ஒருவர் செய்த கோப்பு இன்னொருவரிடம் திறக்கவில்லை: டிடிபி கேள்வி-பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப்பக்கம் கட்டும் வேலை பழகியவன் நான். பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் 6.5 காலத்திலிருந்து இந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே நோயைப் பற்றியவை. ஒரு மென்பொருளில் கட்டிய பக்கம் இன்னொன்றில் திறக்கவில்லை, திறந்தாலும் எழுத்து உடைகிறது. வடலூர்க் கடிதத்துக்குத்தான் விரிவான பதில் தேவைப்பட்டது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, எங்கள் சன்மார்க்க சங்கத்துக்காக 2003-இல் 96 பக்கப் பாடல் தொகுப்பு ஒன்று அச்சிட்டோம். வரும் தைப்பூசத்துக்கு மறுபதிப்பு போட வேண்டும். கோப்பு பேஜ்மேக்கர் 7, எழுத்துரு பாமினி. இப்போது வேலை செய்பவரிடம் புதிய இன்டிசைன் இருக்கிறது. கோப்பு திறக்கவே இல்லை என்கிறார். முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டுமா? — வடலூர்

வேண்டாம். தயவுசெய்து மறுபடி அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள்தான் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போகிறார்கள். புதிதாக அடித்தால் எங்காவது ஒற்று விட்டுப்போகும், அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

பேஜ்மேக்கர் 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1994-இல் அடோபியின் கைக்குப் போனது. 2001-இல் வந்த 7.0-தான் கடைசி. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன், பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரையிலான கோப்புகளை சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் திறந்துகொடுத்தது. அப்புறம் வந்த கிரியேட்டிவ் கிளவுட் பதிப்புகளில் அந்த வசதி இல்லை. ஆகவே உங்களுக்கு வேலை செய்பவர் மேல் குற்றமில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ சிஎஸ்6 வைத்திருக்கும் பழைய டிடிபி சென்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அங்கே கோப்பைத் திறந்து, ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவில் சேமித்து வாங்கி வாருங்கள். புதிய இன்டிசைன் அதைத் தாராளமாகத் திறக்கும்.

சிஎஸ்6 கிடைக்கவில்லையா? பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் கணினி எங்காவது இருந்தால், உரைப்பெட்டியில் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஈ அழுத்துங்கள். ஸ்டோரி எடிட்டர் திறக்கும். அங்கிருந்து உரையை மட்டும் ஏற்றுமதி செய்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கிறது. பக்க அமைப்பு அச்சு அசலாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். உரையை மீட்க உதவும்.

இதோடு பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று ஐந்து விசைகளைத் தட்டுகிறோம். கோப்புக்குள் பதிவாவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது பாமினி. புதிய கணினியில் பாமினி இல்லையென்றால் முகம் போய்விடும், ஆங்கிலக் குறிகள் அப்படியே நிற்கும். பலர் இதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். கெடவில்லை. பாமினியை நிறுவினால் எழுத்து திரும்பி வரும். ஒரு எழுத்தும் மாறாத மறுபதிப்பு என்றால் அப்படியே அச்சுக்குப் போய்விடலாம்.

ஆனாலும் இந்தத் தடவையே எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இருபது வருடமாக ஒரு எழுத்துருவை நம்பி நிற்கும் பாடல்கள் அவை. யூனிகோடில் இருந்தால் நாளை செல்பேசியில் படிக்கலாம், தேடலாம், எந்த மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம். மாற்றித் தர என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

மாற்றும்போது ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். பாமினியில் காற்புள்ளி விசைக்கு உரிய எழுத்து ‘இ’. நன்கொடையாளர் பக்கத்தில் ‘ரூ. 1,500’ என்ற தொகையின் எண்ணை ஏரியல் என்ற ஆங்கில எழுத்துருவில் போட்டிருப்பீர்கள். வெறும் உரையாக வெளியே எடுத்ததும் எது ஏரியல், எது பாமினி என்ற தகவல் போய்விடும். கருவி எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு ‘1இ500’ என்று மாற்றித் தரும். ஆங்கிலச் சொற்களும் புரியாத தமிழாகிவிடும். அதனால் ஏற்றுமதிக்கு முன்பே, எழுத்துருவை வைத்துத் தேடும் வசதியால் ஏரியல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டித் தனிக்கோப்பில் வையுங்கள். வெட்டிய இடத்தில் 7771, 7772 என்று அடையாள எண் போடுங்கள். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் அவை மாறாமல் தப்பிவரும். பிற்பாடு அந்தந்த இடத்தில் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, 2003 புத்தகத்தை ஒருவர் கையில் வைத்து உரக்கப் படிக்கட்டும், இன்னொருவர் புதிய மெய்ப்பைப் பார்க்கட்டும். ஸ்ரீ, க்ஷ வரும் இடங்களையும், பாடலடி முறியும் இடங்களையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பழைய ஆட்கள் அடி முடிவில் என்டர் தட்டினார்களா, ஷிஃப்ட்-என்டர் தட்டினார்களா என்பதைப் பொறுத்து அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தமிழிலும் பிரெஞ்சிலும் அடிக்கிறோம். சம்பந்தி பாரிஸிலிருந்து அனுப்பிய பிரெஞ்சு வாசகத்தைக் கடையில் பேஜ்மேக்கரில் ஒட்டினார்கள். ஆங்கில எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, நடுநடுவே தமிழ் எழுத்து முளைக்கிறது. வைரஸா? — முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வைரஸ் இல்லை அம்மா, இது புதுச்சேரிக்கென்றே வாய்த்த பிரச்சினை. பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடம். டாப், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் முதல் 128 இடத்தில் ஆங்கிலம் இருக்கும், மேல்பாதியில் தமிழைக் குடியேற்றியிருப்பார்கள். பிரெஞ்சின் சாய்கோடு போட்ட ‘எ’ (é) 233-ஆம் இடத்தில் இருக்கிறது. வால் போட்ட ‘சி’ (ç) 231-இல். இரண்டுமே தமிழ் உட்கார்ந்திருக்கும் பகுதி. மண்டப முகவரியில் பிரான்சுவா மர்த்தேன் வீதி என்று பிரெஞ்சில் இருந்தால், பெயரின் நடுவில் இருக்கும் அந்த வால் ‘சி’ தமிழெழுத்தாகத்தான் தெரியும்.

பிரெஞ்சுப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றச் சொல்லுங்கள். உடனே சரியாகிவிடும். எழுத்து எதுவும் தொலையவில்லை, வேஷம்தான் மாறியிருக்கிறது. ஆனால் தமிழெழுத்துக்குப் பதில் கேள்விக்குறி தெரிந்தால் கதை வேறு. அப்போது எழுத்து ஒட்டும்போதே தொலைந்துவிட்டது, வேர்டு கோப்பிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. இரண்டு மொழிப் பத்திரிகையை இன்னமும் அதில் செய்யும் கடையில் கொடுத்தால், மெய்ப்பு பார்க்கப் பிரெஞ்சு தெரிந்தவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். சம்பந்தி பெயரில் ஒரு குறி விட்டுப்போனால் அவர்கள் மனம் சங்கடப்படும்.

நண்பர் இன்டிசைனில் கட்டிய கோவில் மலரை ஐடிஎம்எல்லாக அனுப்பினார். என்னிடம் திறக்கிறது. ஆனால் நான் ஒட்டும் யூனிகோடு தமிழில் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. புதிய கோப்பு தொடங்கினால் அதே உரை சரியாக வருகிறது. என் கணினியில் கோளாறா? — வில்லியனூர்

கோளாறு அந்தக் கோப்பின் பத்திப் பாணியில் இருக்கிறது. இன்டிசைனில் வரி கட்டும் இயந்திரம் இரண்டு வகை. சாதாரண பாராகிராஃப் கம்போஸருக்குத் தமிழின் கொம்பை எங்கே வைப்பதென்று தெரியாது. ‘வேர்ல்டு-ரெடி’ கம்போஸருக்குத் தெரியும். பிரிஃபரன்ஸில் வேர்ல்டு-ரெடியைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள், அதனால் புதுக் கோப்பு சரியாக இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பத்திகளை அந்த அமைப்பு தொடாது. நண்பரின் பாணிகளைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போஸரை மாற்றுங்கள். எல்லாப் பாணியிலும் மாற்ற வேண்டும், தலைப்புப் பாணியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ‘தொண்டமாநத்தம்’, ‘நெல்லிக்குப்பம்’, ‘கௌரவம்’ என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். மூன்றும் சரியென்றால் மலரும் சரி.

கம்போஸர் மாறியதும் வரிகள் நகரும். ஒவ்வொரு பெட்டியின் கடைசி வரியும் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரிந்தால் உரை மிச்சம் இருக்கிறது.

கோரல்டிரா 2021 என்ற வரைகலை மென்பொருளில் செய்த பேனரை ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். அவர்களிடம் அதன் பழைய பதிப்பான எக்ஸ்3. திறக்கவில்லை. — திருப்பாதிரிப்புலியூர்

சேவ் ஆஸ் பெட்டியில் ‘வெர்ஷன்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். கடைக்காரரின் பதிப்புக்கு இறக்கிச் சேமியுங்கள். அதற்கு முன் உரை முழுவதையும் கன்ட்ரோல்-கியூ போட்டு வளைகோடாக மாற்றிவிடுங்கள். தமிழ் யூனிகோடைச் சரியாகக் கட்டும் திறமை கோரலுக்கு எக்ஸ்6-இல்தான் வந்தது, எக்ஸ்3-இல் அது உடைந்துதான் தெரியும். வளைகோடாக மாற்றாத மூலக்கோப்பைத் தனிப்பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தலைவர் பெயருக்கு முன் ஒரு பட்டம் சேர்க்கச் சொல்வார்கள். நிழல், ஒளிபுகும் தன்மை போன்ற அலங்காரங்கள் பதிப்பு இறங்கும்போது மாறக்கூடும், ஒரு பிடிஎஃப்-உம் கூடவே கொடுங்கள்.

பிரெஞ்சுப் பதிப்பகம் ஒன்றின் பழைய கோப்புகள் எங்களிடம் இருக்கின்றன, குவார்க் 4 என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் செய்தவை. எப்படித் திறப்பது? — புதுச்சேரி

குவார்க் 3.3, 4.1 கோப்புகளையும் இன்டிசைன் சிஎஸ்6 திறக்கும். வடலூர்க்காரருக்குச் சொன்ன வழிதான். அடுத்தடுத்த குவார்க் பதிப்புகளில் சேமித்தவை என்றால் குவார்க்கிலேயே திறந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்வது உத்தமம்.

பள்ளி ஆண்டு மலரைப் பத்து வருடமாக மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் செய்கிறேன். அது நிற்கப்போகிறதாமே? — பண்ருட்டி ஆசிரியை

ஆமாம் டீச்சர். 2026 அக்டோபரோடு பப்ளிஷருக்கு ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. 365 சந்தாவில் இருப்பவர்களால் அதற்குப் பிறகு அந்தக் கோப்புகளைப் பப்ளிஷரில் திறக்க முடியாது. இந்த விடுமுறையிலேயே பத்து மலரையும் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மலரின் உரையையும் வேர்டு கோப்பாக எடுத்து, புகைப்படங்களைத் தனி அடைவில் போடுங்கள். பிள்ளைகளின் கவிதையும் படமும் எந்த நிறுவனத்தின் முடிவையும் நம்பி இருக்கக் கூடாது. லிப்ரே ஆபீஸ் டிரா பப்ளிஷர் கோப்பைத் திறக்கிறது என்பது ஒரு ஆறுதல். கோலம் கொஞ்சம் கலைந்துதான் வரும்.

காசு கொடுக்காமல் இன்டிசைன் கோப்பைத் திருத்த வழி உண்டா? — லாஸ்பேட்டை மாணவர்

ஸ்கிரைபஸ் இருக்கிறது தம்பி. இன்டிசைனின் மூலக்கோப்பை அது திறக்காது, ஐடிஎம்எல்லைத் திறக்கும். ஆகவே அனுப்புபவரிடம் ஐடிஎம்எல் கேளுங்கள். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். 2024-இல் வந்த 1.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தமிழ் ஒழுங்காக வருகிறது. அஃபினிட்டி பப்ளிஷரும் 2020-இல் வந்த 1.8 முதல் ஐடிஎம்எல்லைத் திறக்கும். ஆனால் திரும்ப ஐடிஎம்எல்லாக எழுதித் தராது. போனால் போனதுதான், நண்பருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய வேலையை அதில் தொடங்காதீர்கள்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் கூரை போனது, கணினியும் போனது. அப்பா எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகத்தின் பிடிஎஃப் மட்டும் ஒரு சிடியில் தப்பியிருக்கிறது. அதிலிருந்து உரையை எடுக்க முடியுமா? — கடலூர் முதுநகர்

முடியும் என்றுதான் நினைக்கிறேன். முதலில் அந்த சிடியை இன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும் சிடி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

பிறகு பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கிலக் குறிகளாகக் கொட்டினால் சந்தோஷப்படுங்கள். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் அது. அந்தக் குறிகள் தட்டிய வரிசையிலேயே பெரும்பாலும் இருக்கும், கன்வர்ட்டரில் போட்டால் தமிழ் கிடைத்துவிடும். எழுத்துருவின் பெயர் பிடிஎஃப்பின் பிராப்பர்ட்டீஸில், ஃபான்ட்ஸ் பகுதியில் தெரியும். கன்வர்ட்டரில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதுவே துப்பு.

தமிழாகவே வந்து ஒட்டினால்தான் யோசிக்க வேண்டும். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது கொம்பும் காலும் பல சமயம் இடம் மாறி வரும், சில எழுத்து விட்டும் போகும். அப்படியென்றால் நகலெடுப்பதை விட்டுவிட்டு, பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியில் (ஓசிஆர்) கொடுங்கள். கூகுள் டிரைவிலும் டெசராக்ட் என்ற இலவசக் கருவியிலும் தமிழ் உண்டு. தெளிவான பிடிஎஃப்பிலிருந்து எடுத்த படம் என்பதால் பிழை குறைவாகவே இருக்கும்.

எந்த வழியில் எடுத்தாலும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு என்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றை நீக்கிப் பத்திகளைச் சேர்க்க வேண்டும். அப்பா ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஆண்டு என்று நிறைய எழுதியிருப்பார். அவற்றைக் கருவியிடம் விடாமல், அவரை அறிந்த ஒருவர் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முதல் பத்துப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுத்துருவின் பெயரை எனக்கு எழுதுங்கள், எந்தக் குறியாக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.