ஹெச்.பி.ஓ-ன்னா நம்ம ஊர் பாலிடெக்னிக்கா?

நெதர்லாந்தின் வெல்டோவனிலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனை கேட்டு வீடியோ காலில் வந்தது. அப்பா சிப் துறையில் எஞ்சினியர். மகள் வி.டபிள்யூ.ஓ ஐந்தாம் ஆண்டு; பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் ஆறு வருடப் பள்ளிப் படிப்பு அது. கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வீட்டில் முடிவே ஆகிவிட்டது. அவளோ ஐந்தோவன் டிசைன் அகாடமிதான் வேண்டும் என்கிறாள். அது ஹெச்.பி.ஓ, அதாவது இளநிலைப் பட்டம் தரும், தொழில் சார்ந்த உயர்கல்வி. "ஹெச்.பி.ஓ-ன்னா நம்ம ஊர் பாலிடெக்னிக்தானே?" என்று நியூ ஜெர்சி பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். அம்மாவுக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை.

"பயப்படாதீங்க" என்று இரண்டு நிமிடம் சொல்லிப் பார்த்தேன். பாலிடெக்னிக் பேச்சு மறுபடியும் வந்தது. சரி, ஆறுதல் போதும் என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் விளக்கப் போவதில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே அதைப் படித்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். யாருமே பார்த்திராத ஒரு வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

கிறிஸ்டீன் மைண்டர்ட்ஸ்மா என்று ஒரு டச்சு வடிவமைப்பாளர். 1980-இல் உட்ரெக்ட்டில் பிறந்தவர். நீங்கள் பாலிடெக்னிக் என்கிற அதே அகாடமியில் 2003-இல் படிப்பை முடித்தார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒரே வாரத்தில் பிடுங்கி வைத்த கத்திரிக்கோல், கத்தி என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை வாங்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்துப் புத்தகமாக்கினார். அப்புறம் ஒரு பன்றி. அதன் காது வில்லையில் இருந்த எண் 05049. அந்த ஒரே பன்றியின் உடம்பு எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று மூன்று வருடம் துரத்தினார். 185 பொருட்கள் கிடைத்தன: துப்பாக்கித் தோட்டா, பீங்கான், ரொட்டி, இதய வால்வு. 2007-இல் வந்த அந்தப் புத்தகத்தில் பொருட்களின் படம் அசல் அளவிலேயே இருக்கும்; புத்தகத்தின் முதுகில் அதே மாதிரி ஒரு காது வில்லை மாட்டியிருக்கும்.

பிறகு ஒரு நாற்காலி. ஆளி நாரையும், தாவரத்திலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ பிளாஸ்டிக்கையும் அடுக்கி அழுத்திய பலகை. 60-க்கு 100 சென்டிமீட்டர் தகடு ஒன்றிலிருந்தே இருக்கையும் கால்களும் வந்துவிடுகின்றன. 2016-இல் டச்சு டிசைன் விருது கிடைத்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் இரண்டிலும் இவருடைய வேலைகள் இருக்கின்றன. லண்டனில் 2023-இல் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். படிப்பு முடிந்து இருபது வருடம் கழித்து. அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் மாதாமாதம் சம்பளம் வராது. உண்மைதான். ஆனால் ஒரு பொருள் எதிலிருந்து வந்தது, எங்கே போய் முடிகிறது என்று தேடத் தெரிந்தவர்களின் தேவை இனி கூடத்தான் செய்யும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, துணி, மரச்சாமான் போன்ற பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (எதால் ஆனது, எங்கிருந்து வந்தது போன்ற விவரங்களின் பதிவு) படிப்படியாக வரப்போகிறது. மைண்டர்ட்ஸ்மா பன்றியிடம் கேட்ட கேள்வியைத்தான் இனிக் கம்பெனிகள் தங்கள் சரக்கைப் பார்த்துக் கேட்டாக வேண்டும்.

பணத்தில் மட்டும் நான் கறார். டச்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு 2025–26-இல் சட்டப்படியான வருடக் கட்டணம் 2,601 யூரோ. வீட்டிலிருந்தே சைக்கிளில் போய் வரலாம், அறை வாடகை மிச்சம். பொருள் வாங்கும் செலவு தனி, அதையும் கணக்கில் எழுதுங்கள். உங்கள் மகளிடம் டச்சு பாஸ்போர்ட் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அந்த நிலையில் இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். "டிசைன்தான்னா மிலானில் பேர் சொல்ற மாதிரி ஒரு தனியார் காலேஜ்ல போடு, கோயம்புத்தூர் ஃபிளாட்டை வித்துடலாம்" என்ற யோசனையும் பெரியப்பாவுடையதாம். ஃபிளாட்டைத் தொடாதீர்கள்.

முதல் வருடம் ஒத்துவரவில்லையா? வி.டபிள்யூ.ஓ சான்றிதழ் காலாவதியாகாது. பல்கலைக்கழகத்துக்கு அப்போதும் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் ஒரு நாள் மூன்று பேரும் டில்பர்க் ஜவுளி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள், ஐந்தோவனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். வடிவமைப்பாளர்கள் வந்து நெய்யும் தறிகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

இதெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தபோது மகள் வாயே திறக்கவில்லை. "நீ என்னம்மா செய்துகிட்டு இருக்கே இப்போ?" என்று கேட்டேன். எழுந்துபோய் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்தாள். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை முழுக்கப் பிரித்து, நூலை உருண்டைகளாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் எடையை எழுதி ஒட்டியிருந்தாள். ஸ்வெட்டர் 412 கிராம். உருண்டைகள் எல்லாம் சேர்த்து 389.

அப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "மீதி 23 கிராம்?"

"பட்டன், லேபிள், தையல் நூல் பதினஞ்சுப்பா. எட்டு கிராம் எங்கே போச்சுன்னு இன்னும் தெரியலை."

"தராசு சரியா இருக்கா பார்த்தியா?" என்றார் அவர். அதோடு என்னை இருவரும் மறந்துவிட்டார்கள்.